பயத்தோடு போட்ட கையெழுத்து

1

போன மாதம் எங்கள் ஊர்ச் சபையின் ஐயரம்மா, அதாவது ஊர்ப் போதகரின் மனைவி, போன் செய்தார்கள். சபைப் பெண்கள் வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவரும் மலருக்கு நான் ஒரு சாட்சி எழுத வேண்டுமாம்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் ஆகப்போவுதுல்லா வசந்தி? கர்த்தர் ஒனக்குத் தைரியம் குடுத்தத எழுதி அனுப்பு. ரெண்டு பக்கம் போதும். இங்க எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும்."

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் தாளில் வந்தவள் வேறு யாரோ ஒரு பெண். அவள் ஜெபித்தாள், உடனே பயம் போயிற்று, புன்னகையோடு ஆபரேஷன் அறைக்குள் போனாள். அவளை எனக்குத் தெரியாது. கல்கத்தாவில் அப்படி ஒருத்தியை நான் பார்த்ததும் இல்லை.

அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போகும். வெட்டுவதாக இருந்தால் ஐயரம்மா எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும், ஆனால் நான் பொய் சொன்ன இடத்தை மட்டும் வெட்ட வேண்டாம்.

2

நாங்கள் இங்கே, கல்கத்தாவுக்கு, வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் தேவசகாயத்துக்கு ரயில்வேயில் வேலை. கார்டன் ரீச்சில் அலுவலகம், பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். இரண்டு வருஷத்தில் மாற்றல் கிடைத்துவிடும் என்று சொன்னதை நம்பி, சாமான் பெட்டிகளில் பாதியை நான் பிரிக்கவே இல்லை. அப்போது மகள் ஷைனிக்கு ஒன்றரை வயது. இப்போது அவள் ஜாதவ்பூரில் கல்லூரி மூன்றாம் வருஷம்.

இங்கே நான் வசந்தி இல்லை. வங்காளிகள் வாயில் 'வ' வந்தால் 'ப' ஆகிவிடும். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ் வீட்டு அம்மாளுக்கும் மீன்காரருக்கும் நான் பாஷொந்தி தீ. 'தீ' என்றாலும் 'திதி' என்றாலும் அக்கா. வாக்காளர் அட்டையில்கூட எங்கேயோ ஒரு மேசையில் அப்படியே ஏறிவிட்டது. அதைச் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

ஷைனிக்குத் தமிழ் என்பது சமையலறைப் பாஷை. பசிக்குது, உப்பு கம்மி, குளிக்கப் போறேன் என்பதோடு சரி. கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் அவளுக்கு வாயில் வருவது வங்காளிதான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, இங்குள்ள ஒரு பழைய தேவாலயத்தை எங்கள் தமிழ்ச் சபைக்கு இரண்டு மணி நேரம் தருகிறார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் அவள் அங்கே வருவதை நிறுத்திவிட்டாள்.

"எனக்கு அந்தத் தமிழ் புரியல மா. புரியாத பாஷையில எப்படிப் ப்ரே பண்றது? நான் சும்மா வாய அசைக்கிறேன். அது சீட்டிங் இல்லையா?"

ஊரில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அதுவும் உண்மையா என்று தெரியாது.

இரத்த அழுத்தம் முற்றி என் வீட்டுக்காரருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் கிளம்பினால் மத்தியானம் திரும்புவோம். அவர் உள்ளே படுத்திருக்கும் நாலு மணி நேரமும் நான் வராந்தாவில் மற்ற பெண்களோடு உட்கார்ந்திருப்பேன். பதினாறு வருஷம் கடைவீதி வங்காளியை வைத்து ஓட்டிய நான், ஒழுங்காக அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டது அந்த வராந்தாவில்தான். நோயாளிகளின் மனைவிகளுக்குள் இலக்கணப் பிழை யாரும் பார்ப்பதில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார், மாற்றுச் சிறுநீரகம் வைத்தால்தான் நல்லது என்று. குடும்பத்தில் யார் தர முடியும் என்று கேட்டார். என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கும் தம்பிக்கும் சர்க்கரை. "நான் தரேன்" என்று ஷைனி சட்டென்று சொன்னாள். அவளிடமிருந்து எடுப்பதென்றால் தனக்கு ஆபரேஷனே வேண்டாம் என்று அவர் அந்த அறையிலேயே முடிவாகச் சொல்லிவிட்டார்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஓ பாசிட்டிவ். யாருக்கும் தரலாம்.

"டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்" என்றேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

3

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். பெயர் லீலா. எனக்குப் பதினேழு வயது, அவளுக்கு இருபத்திரண்டு. குடல்வால் வீங்கியிருக்கிறது, சின்ன ஆபரேஷன், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். நடந்தே உள்ளே போனாள். கதவுக்கு முன்னால் திரும்பி, வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்து, "தொலச்சிராதட்டி" என்றாள். அவ்வளவுதான். மயக்கத்திலிருந்து அவள் விழிக்கவில்லை. ஏன் என்று எங்கள் அப்பாவுக்குக் கேட்கத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு, ஆபரேஷன் அறைக் கதவு என்றாலே எனக்கு ஆகாது. டயாலிசிஸ் வார்டுக்குப் போக அந்தக் கதவைத் தாண்ட வேண்டும் என்பதால், நான் எப்போதும் பின்பக்கப் படிக்கட்டில் ஏறிப் போனேன். இது அவருக்கு மட்டும் தெரியும். ஷைனிக்குத் தெரியாது. சபையில் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டுக்கு வந்தவர்களைப் போலத்தான் நாங்களும். ஊரில் நடந்த துக்கத்தை இங்கே புதிதாக யாரிடம் சொல்லுவது?

டாக்டரைப் பார்த்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையே இங்குள்ள போதகர் ஆராதனையில் அறிவித்துவிட்டார். "நம் சகோதரி வசந்தி தன் கணவருக்காகச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்திருக்கிறார்கள். இது எவ்வளவு பெரிய விசுவாசம்!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முடிந்ததும் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். நான் தலையசைத்து, "எல்லாம் ஆண்டவர் செயல்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். நான் என்ன ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, டெஸ்டில் ஏதாவது கோளாறு வரட்டும். பெரிய வியாதி வேண்டாம். தர முடியாது என்று அவர்கள் சொல்கிற அளவுக்கு ஒரு சின்னக் கோளாறு போதும்."

ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னாலும் இதையே கேட்டேன். இரத்தம், சிறுநீர், இருதயம், ஸ்கேன். ஒவ்வொரு காகிதமும் சுத்தமாக வந்தது. "உங்கள் உடம்பு முப்பது வயசுக்காரி உடம்பு" என்று டாக்டர் பாராட்டினார். ஷைனி அங்கேயே என் கன்னத்தில் முத்தமிட்டாள். ஜெபம் கேட்கப்படாமல் போனதற்காக நான் ஆண்டவர்மேல் கோபமாக இருந்தேன்.

4

அடுத்தது காகிதங்கள். யாரும் யாரையும் விலைக்கு வாங்கவில்லை, மிரட்டவில்லை என்று நிரூபிக்க வேண்டும். நாங்கள் கணவன் மனைவிதான் என்பதற்கு அத்தாட்சி, பழைய புகைப்படங்கள், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியலை ஷைனி பொறுப்பெடுத்துக்கொண்டாள்.

முதல் தடங்கல் என் பெயர். ஒரு காகிதத்தில் வசந்தி, இன்னொன்றில் பாஷொந்தி. இரண்டு பேர் போலத் தெரிகிறதே என்றார்கள். ஒரு நிமிஷம் எனக்கு உள்ளுக்குள் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. இதுதான் நான் கேட்ட சின்னக் கோளாறு என்று நினைத்தேன்.

ஷைனி என்னை அலிப்பூருக்குக் கூட்டிப்போனாள். கோர்ட் வாசலில் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"வசந்தி யார், பாஷொந்தி யார்?" என்று வங்காளியில் கேட்டார்.

"ரெண்டும் எங்க அம்மாதான் காக்கு. தமிழ்ல வசந்தி, உங்க வாயில பாஷொந்தி. தப்பு எங்க அம்மா மேல இல்ல" என்றாள் ஷைனி, அவரைச் சித்தப்பா முறை வைத்து, அவர் பாஷையிலேயே.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் அரை மணி நேரத்தில் தயார். உள்ளே வைத்திருந்த என் விளக்கு அணைந்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு காகிதம். எங்கள் கல்யாணப் பதிவின் நகல். ஊர்ச் சபைக் கோயிலில் கல்யாணம் முடிந்த அன்றே வாங்கியது.

"அது எங்க இருக்கு மா?"

அது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அலமாரியில், பழைய வேதபுத்தக உறைக்குள். "தெரியலியே ஷைனி, ஊர்லயே விட்டுட்டோமோ என்னமோ" என்றேன்.

அவள் கல்லூரிக்குப் போனதும் அதை எடுத்து, பட்டுப் புடவைகள் இருக்கும் பெட்டியில் அடிமடிப்புக்குள் வைத்தேன். ஷைனி ஊருக்குப் போன் போட்டாள். அங்கே போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பாவம், வயதானவர், கோயில் பின்அறையில் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டித் தேடத் தொடங்கினார். "ரெண்டு அலமாரி பாத்துட்டேம்மா, இன்னும் ரெண்டு இருக்கு" என்று நாளுக்கு ஒருமுறை இருமிக்கொண்டே சொல்வார். இப்படிப் பதினோரு நாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஒன்றும் மறுக்கவில்லை, காகிதம்தான் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாட்களில் வேதம் வாசிக்க உட்கார்ந்தால் எழுத்துகள் வெறும் எழுத்துகளாக இருந்தன.

5

பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு என் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறியது. டயாலிசிஸுக்கு ஒரு நாள் பாக்கி இருந்தது. நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, வாயைத் திறந்து, மீன் மாதிரி காற்றைத் தேடினார். கீழ் வீட்டு மாஷிமாவின் மகன் கார் எடுத்தார். அவசரப் பிரிவில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஜெபிக்கப் பார்த்தேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய வசனங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவரை மூச்சுத் திணற வைத்தது என் புடவைப் பெட்டிதான் என்று தோன்றியது. டாக்டர் பிறகு அப்படி இல்லை என்று சொன்னார். ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான்.

அப்போது நினைவுக்கு வந்தது வசனம் அல்ல. அந்தத் தோட்டம். ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் முந்தின நாள் ஆராதனையில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நாளை தனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்து, வியர்த்துக் கொட்டி, தரையில் விழுந்து, முடிந்தால் இது வேண்டாமே என்று இயேசு பிதாவிடம் கேட்ட இடம். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. சின்ன வயதிலிருந்து அதை நான் ஏதோ பக்தியான காட்சியாகவே பார்த்திருந்தேன். அந்த நாற்காலியில்தான் எனக்கு முதன்முதலாக உறைத்தது, அவர் பயந்திருந்தார். என்னைப் போலவே.

இன்னொன்றும் உறைத்தது. அவர் அதை ஒளிக்கவில்லை. சிநேகிதர்கள் மூன்று பேரைக் கூட்டிப்போய், என் மனசு தாங்கவில்லை, கூட இருங்கள் என்று வாய்விட்டுச் சொன்னார். நான் ஒரு ஆளிடம்கூடச் சொல்லவில்லை. பிதாவிடம்கூட நேராகச் சொல்லாமல், கோளாறு வரட்டும் என்று சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வங்காளி அம்மா என் பக்கம் திரும்பி, ஒன்றும் புரியாமலேயே என் முதுகைத் தடவிக்கொடுத்தார். பயம் போகவில்லை. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அவரை வார்டுக்கு மாற்றினார்கள். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் கட்டில் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஒன்னு சொல்லணும். அந்தக் கல்யாணப் பேப்பர் தொலையல. நான்தான் ஒளிச்சு வச்சிருக்கேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ பொட்டிக்குள்ள வச்சத பாத்தேன். கதவு தொறந்துதான் கெடந்துச்சு."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "பாத்துட்டு ஏன் கேக்கல?"

"கேட்டா நீ எடுத்துக் குடுத்துருவ. அதான் கேக்கல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். "லீலா விஷயம் எனக்குத் தெரியாதா? ஒன்ட்ட தா-ன்னு கேக்க எனக்கு வாயில்ல வசந்தி. வேண்டாம்னு சொல்லவும் மனசு வரல. எனக்குச் சாகப் பயமா இருந்துச்சு. அதனால சும்மா இருந்துட்டேன். அதுவும் பாவம்தான்."

ஐந்து வீடு தள்ளிக் கேட்கும்படி பேசுகிற மனுஷர், அன்று இதை மட்டும் மெதுவாகச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். எனக்குத் தைரியம் தா என்று கேட்கவில்லை. "கர்த்தாவே, நாங்க ரெண்டு பேரும் பயந்துபோய் இருக்கோம். எங்கள விட்டுராதேயும்" என்றார். அதற்குமேல் ஒன்றும் இல்லை. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய்க் காகிதத்தை எடுத்து ஷைனி முன்னால் வைத்தேன். லீலாவைப் பற்றியும் சொன்னேன். அவள் நம்ப முடியாமல் பார்த்தாள். "உபதேசி தாத்தா டெய்லி தேடினாரே மா!" என்று கத்தினாள். பிறகு வங்காளியில் படபடவென்று என்னவெல்லாமோ திட்டினாள். நியாயமான திட்டு, எல்லாம் புரிந்தது. கடைசியில் அவளே என் மடியில் தலை வைத்துக்கொண்டு அழுதாள்.

"எனக்கு ஒரு பெரியம்மா இருந்தாங்கன்னே நீ எனக்குச் சொல்லல."

உபதேசியாருக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்னம்மா, பழைய ரிஜிஸ்தர் எல்லாம் இப்ப சுத்தமாயிட்டு" என்றார். இந்த மலரை அவர் வாசிப்பார். ஐயா, இன்னொரு முறை மன்னித்துக்கொள்ளுங்கள்.

6

கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் அவளைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்பது விதி. ஒரு பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும், ஷைனியை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வங்காளியில் பயத்துக்குப் பெயர் 'பொய்'. எழுதுவது 'பய' போலத்தானாம், உச்சரிப்பு மட்டும் இப்படி. வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

"பொய் பாச்சேன்?" என்று கேட்டார். பயப்படுகிறீர்களா?

இல்லை என்று சொல்லத்தான் எல்லோரும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பயம் என்று சொன்னால் சம்மதமில்லை என்று எழுதிவிடுவார்கள் என்று வராந்தாப் பெண்கள் எச்சரித்திருந்தார்கள்.

"ஆமாம். ரொம்பப் பயம்" என்றேன். அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்த வங்காளியில் சொன்னேன். வினைச்சொற்கள் எல்லாம் தாறுமாறாக விழுந்தன. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"யாராவது வற்புறுத்தினார்களா? கணவர்? மகள்? உங்கள் சர்ச்?"

"இல்லை."

அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "திதி, ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். உங்கள் உடம்பு இதற்கு ஏற்றதல்ல என்று மட்டும் வீட்டாரிடம் நாங்கள் சொல்லிவிடுவோம். காரணம் யாருக்கும் தெரியாது. உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்."

இரண்டு மாதமாக முழங்காலில் நின்று நான் கேட்டது இதைத்தான். வார்த்தைக்கு வார்த்தை இதேதான். ஒரு நல்ல மனுஷி அதை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளுகிறார்.

வெளியே தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எனக்குள் தேடிப் பார்த்தேன். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. பயம் அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஆனால் தப்பித்துக்கொள்ளும் ஆசையைக் காணவில்லை. அது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அதை நான் போக்கவில்லை என்று மட்டும் தெரியும். கிருபை என்று நாம் சொல்கிறோமே, அதற்கு வேறு அர்த்தம் எனக்குத் தெரியாது.

"வேண்டாம் டாக்டர்" என்றேன். "பொய் ஆச்சே. தொபு தேபோ."

பயம் இருக்கிறது. இருந்தாலும் கொடுப்பேன்.

அவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும்போது 'வ' கோணலாக விழுந்தது. வேறு தாள் தரட்டுமா என்று கேட்டார். இதுவே இருக்கட்டும் என்றேன்.

7

ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்கு ஜெபிக்க வருவதாகச் சொன்ன போதகர், பந்தல் வேலைக்காகப் பாதி ரோட்டை அடைத்திருந்ததால் எங்கேயோ மாட்டிக்கொண்டார். என்னை ஸ்ட்ரெச்சர் வண்டியில் படுக்கவைத்துத் தள்ளக் கிளம்பிவிட்டார்கள்.

"ஒரு நிமிஷம், நான் பண்றேன்" என்றாள் ஷைனி.

ஞாயிறு பள்ளியில் கற்ற பரமண்டல ஜெபத்தைத் தமிழில் தொடங்கினாள். இரண்டு வரி சரியாக வந்தது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். நான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறப்பதற்குள், கண்ணை மூடிக்கொண்டு அவள் பாஷையிலேயே சொன்னாள். "ப்ரொபு, மா-கே தேக்கோ. பாபா-கே தேக்கோ." ஆண்டவரே, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும். பிறகு சந்தேகத்தோடு என்னைப் பார்த்து, "ஆமென் சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லு" என்றேன். அந்த ஜெபத்தில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றும் இல்லை.

அந்தக் கதவைத் தாண்டும்போது என் பல் கிட்டியது. குளிருகிறதா என்று நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டாள். இல்லை, பயம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. மூக்கில் மாஸ்க் வைக்கும்வரை என் விரல்களைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"பாஷொந்தி தீ, பாஷொந்தி தீ" என்று யாரோ கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்தேன். விலாவில் தீப் பிடித்ததுபோல் வலித்தது. வலிக்கிறதே, அப்படியென்றால் இருக்கிறேன் என்று நினைத்தேன். அவரைப் பற்றிக் கேட்டேன்.

"ஆபரேஷன் மேஜையிலேயே சிறுநீர் வந்துவிட்டது!" என்றாள் நர்ஸ். அந்த வார்த்தையைக் கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட பெண்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான் இருப்போம்.

நான்காம் நாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்தேன். முகத்தில் இருந்த சாம்பல் நிறம் போயிருந்தது. அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. அந்த மனுஷருடைய குரல் எனக்குக் கேட்காமல் போனது கல்யாணம் ஆனதிலிருந்து அன்று ஒரு நாள்தான்.

இப்போது காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் போனில் மணி அடிக்கும், மாத்திரை போடுவார். அலுவலகம் போகிறார். ஷைனி எப்போதாவது சபைக்கு வருகிறாள், பெரும்பாலும் வருவதில்லை. பரீட்சைக்கு முன்னால் மட்டும், "மா, எனக்கும் சேர்த்துப் ப்ரே பண்ணு, தமிழ்லயே பண்ணு, பரவால்ல" என்கிறாள்.

8

உடம்பு தேறியதும் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். புடவைப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். முடிந்ததும் முன்போல யாரும் வந்து கையைப் பிடிக்கவில்லை. ஒரு பெரியவர், "இதையெல்லாம் சபையில சொல்லணுமாம்மா?" என்று வருத்தப்பட்டார்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். பெனிட்டா. கோயம்புத்தூர்ப் பெண், ஐடி வேலைக்காக இங்கே வந்து ஆறு மாதம் ஆகிறது, தனியாக அறை எடுத்து இருக்கிறாள்.

"அக்கா, எனக்குக் கழுத்துல ஒரு கட்டி இருக்குங்க்கா. ஊசி போட்டு எடுத்துப் பார்க்கோணும்னு சொல்லி ஒரு மாசம் ஆச்சு. ரெண்டு தடவ அப்பாயின்ட்மென்ட் வாங்கி நானே கேன்சல் பண்ணிட்டேன். வீட்டுல சொல்லலீங்க்கா. நீங்க கூட வரீங்களா?"

அவளுடைய ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது, பயப்பட ஒன்றும் இல்லாத கட்டி என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் எழுத நினைத்தது அந்தக் காலை நேரத்தை.

புதன்கிழமை பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்தவள், வியர்வை ஈரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்கு இன்னும் பயமா இருக்குங்களா?"

"இருக்கு" என்றேன். "ஒன் பேரக் கூப்புடுதாங்க பாரு. எந்திரி, போவோம்."